பெயர் மாறிய மாநாடு

சென்ற வாரம் ஒரு தாயார் என்னிடம் கேட்டார்: "ஐயா, என் மகன் கல்லூரியில் ஜாவா என்ற கணினி மொழி படிக்கிறான். அதெல்லாம் பழையதாகிவிட்டது என்று அவன் கூட்டாளி சொல்கிறானாம். கட்டிய பணம் வீணா?"

அந்தக் கேள்விக்காகவே இன்றைய பேச்சு.

கணினிக்கு வேலை சொல்லும் கட்டளைத் தொகுப்பை மென்பொருள் என்கிறோம். அதை எழுத ஒரு முறை வேண்டும். நார்வே நாட்டின் ஆஸ்லோ நகரில் டால், நிகார்ட் என்ற இருவர் 1967இல் அமைத்த சிமுலா மொழியில்தான் பொருள்நோக்கு முறை முளைவிட்டது.

அது என்ன முறை? பால் ஸ்டோரை நினைத்துக்கொள்ளுங்கள். பால் வெட்டியவர் வாளியைக் கொடுக்கிறார். கிராணி நிறுத்துத் தம் புத்தகத்தில் எழுதுகிறார். நாம் உள்ளே புகுந்து அந்தப் புத்தகத்தில் கைவைப்பதில்லை. கேட்டால் அவர் சொல்வார். மென்பொருளையும் இப்படிப் பல கிராணிகளாகப் பிரித்து, ஒவ்வொருவரிடமும் ஒரு புத்தகத்தையும் அதற்குரிய வேலையையும் ஒப்படைப்பதே பொருள்நோக்கு முறை.

இதற்கென்றே 1986இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் ஊப்ஸ்லா என்ற மாநாடு முதன்முதலாகக் கூடியது. மாநாடு என்றதும் மாலையும் மேடையும் என்று எண்ணவேண்டாம். ஒருவர் தாம் கண்டதைக் கட்டுரையாகச் சொல்வார். மற்றவர்கள் குறுக்குக் கேள்வி கேட்பார்கள். 1995இல் ஜாவா வெளிவந்தபின் இந்த முறையே ராஜபாட்டையாயிற்று.

சங்கடம் பிறகு வந்தது. 2005ஆம் ஆண்டையொட்டி மேசைக் கணினிகளில் ஒரே சில்லுக்குள் இரண்டு மூளைகள் வைக்கத் தொடங்கினார்கள். ஒரே புத்தகத்துக்கு இரண்டு கிராணிகள்! பக்கத்தில் 40 கிலோ என்றிருக்கிறது. இருவரும் ஒரே நேரத்தில் அதைப் பார்க்கிறார்கள். ஒருவர் 10 கிலோவைக் கூட்டி 50 என்று எழுதுகிறார். மற்றவர் 5 கிலோவைக் கூட்டி, அதை அழித்து, 45 என்று எழுதுகிறார். வரவேண்டியது 55. அந்தப் பத்துக் கிலோ யாருடைய உழைப்பு? பால் வெட்டிப் பிழைத்த நமக்கு இதை விளக்கவேண்டியதில்லை. ஒருவர் எழுதும்வரை மற்றவர் காத்திருக்கட்டும் என்று புத்தகத்துக்குப் பூட்டுப் போடலாம். ஆனால் காத்திருக்கும் கிராணிக்குச் சம்பளம் தண்டம்.

இதற்கு வேறொரு வழி உண்டு. எழுதியதை அழிக்கவே கூடாது. ஒவ்வொருவரும் தம் கணக்கைத் தனிச் சீட்டில் எழுதவேண்டும். கடைசியில் எல்லாச் சீட்டையும் கூட்டிக்கொள்ளலாம். தாள் செலவு கொஞ்சம் கூடும்தான். இது செயல்நோக்கு முறை. புதியதுமல்ல. 1958இல் ஜான் மெக்கார்த்தி தொடங்கிய லிஸ்ப் மொழியிலேயே இதன் வித்து இருந்தது. ஃபோர்ட்ரான் மொழியை உருவாக்கிய ஜான் பேக்கஸ், 1977இல் டூரிங் விருது பெற்றபோது ஆற்றிய உரையில், இந்த வழிக்கு வாருங்கள் என்று வற்புறுத்தினார். பலர் தலையாட்டிவிட்டுப் பழைய பாதையிலேயே போனார்கள்.

2010இல் ஊப்ஸ்லா, ஸ்பிளாஷ் என்ற பெரிய மாநாட்டுக்குள் ஒரு பகுதியாயிற்று. புதிய பெயரின் விரிவில் மொழிகள் உண்டு, பயன்பாடுகள் உண்டு. 'பொருள்' என்ற சொல் மட்டும் இல்லை. முறை செத்துவிடவில்லை. தனியாட்சிதான் போயிற்று.

ஜாவாவும் சும்மா இருக்கவில்லை. 2014இல் வந்த அதன் எட்டாம் பதிப்பு, லாம்டா என்ற பெயரில் செயல்நோக்கு முறையின் பழக்கங்களைச் சேர்த்துக்கொண்டது. ஆகவே, "பணம் வீணில்லை அம்மா. லாம்டா பாடம் நடந்துவிட்டதா என்று மட்டும் மகனிடம் கேளுங்கள்" என்றேன். மறந்துவிடுமென்று அந்தச் சொல்லை எழுதி வாங்கிக்கொண்டு போனார்.