பித்தப்பைக் கல்லும் நாமும்



தலைமையாசிரியன் கல்வியைப் பற்றித்தான் பேசுவான் என்று எண்ணியிருப்பீர்கள். நம் உடலை நாம் அறிதலும் கல்வியே ஆதலால், பித்தப்பைக் கல்லைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றேன்.

கல்லீரலின் அடியில் தொங்கும் சிறு பை பித்தப்பை. கல்லீரல் சுரக்கும் பித்தநீரைச் சேர்த்து வைத்து, கொழுப்புணவு குடலை அடையுங்கால் சுருங்கி வெளியிடும். பித்தநீரில் கொலஸ்ட்ரால் மிகுமாயின் அது படிந்து கல்லாகும். ஆடவரினும் பெண்டிர்க்கே இது மிகுதி. கல்லிருந்தும் வலியின்றி வாழ்வோர் பலர். அவர்களுக்குப் பெரும்பாலும் அறுவை வேண்டுவதில்லை.

என் தமக்கையார்க்கு வலி இருந்தது. வலப்பக்க விலாவின் கீழ் எழுந்து தோள்வரை பரவும். நடவுக்குச் செல்பவர், ஒருநாள் கூலி போய்விடுமே என்று ஈராண்டு மறைத்தார். வாயு என்று சோடா குடித்தார். ஸ்கேனில் கல் தெரிந்த பின்னரும் ஊரார் சொற்கேட்டு வாழைத்தண்டுச் சாறு பருகினார். தண்டு வாங்கி வந்தவன் யார்? பி.ஏ., பி.எட். படித்த நான்தான்! வாழைத்தண்டு சிறுநீரகக் கல்லுக்கெனச் சொல்லப்படுவது. சிறுநீரகக் கல் சிறுநீரோடு வெளியேறக்கூடும். பித்தப்பைக்கும் சிறுநீர்ப் பாதைக்கும் தொடர்பே கிடையாது. கரும்பலகையில் அப்படத்தை எத்தனை முறை வரைந்திருப்பேன்!

ஒருநாள் கண் மஞ்சளாகி, குளிர்காய்ச்சல் கண்டது. கல் இறங்கிப் பித்தநாளத்தை அடைத்துவிட்டது. இது உயிருக்கே ஊறு விளைக்கும் நிலை. அப்போதும் கீழாநெல்லி கொடுக்கச் சொன்னார் ஒருவர். நான் கேட்கவில்லை, வண்டி பிடித்தேன். அரசு மருத்துவமனையில் வாய்வழியே குழாய் செலுத்தி நாளத்துக் கல்லை எடுத்தனர். பின்னர்ப் பையையே அகற்ற வேண்டுமென்றனர்.

“பையை எடுத்தால் உயிர் தங்குமா தம்பி?” என்றார் அக்காள். தங்கும். பித்தநீர் நேரே குடலுக்குச் சென்றுவிடும். 1882இல் பெர்லினில் கார்ல் லாங்கன்புக் என்னும் மருத்துவர் முதன்முதலாகப் பித்தப்பையை அகற்றினார். 1985இல் எரிக் மூஹே என்னும் மற்றொரு ஜெர்மானியர், வயிற்றை அகலக் கிழிக்காமல் சிறு துளை வழியே அகற்றிக் காட்டினார். கல்லைக் கரைக்கும் மாத்திரையும் உண்டு. சிறு கொலஸ்ட்ரால் கற்களுக்கே அது ஓரளவு பயன்படும், மாதக்கணக்கில் உண்ணவேண்டும், கல் மீண்டும் தோன்றவும் கூடும்.

அக்காளுக்கும் துளைவழி அறுவையே நடந்தது. அடுத்த நடவுக்குச் சென்றுவிட்டார். அதோ, மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவர் வயிற்றிலிருந்து எடுத்த கற்கள் இந்தச் சீசாவில் உள்ளன. கூட்டம் முடிந்தபின் விரும்புவோர் வந்து பார்க்கலாம்.