திரையில் தங்காத படங்கள்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

சென்ற ஆண்டு இம்மேடையில் ஓர் அறிஞர் திருக்குறளைப் பற்றிப் பேசினார். அவர் நின்ற இடத்தில் நின்று நாம் சினிமாவைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இது விழா மேடைக்கு ஏற்ற பொருளா என்று சிலர் எண்ணக்கூடும். ரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதுகிறவர்களுக்கு இலக்கியம் பேசும் தகுதி குறைவே. ஆயினும், வண்டி எப்போது வரும், எத்தனை நிமிடம் நிற்கும், எப்போது புறப்படும் என்று சொல்லும் தகுதி உண்டு. இன்றைய பொருளும் அத்தகையதே. பெரும் படங்கள் கொட்டகைக்கு எப்படி வருகின்றன, எத்தனை நாள் நிற்கின்றன, ஏன் இத்தனை விரைவில் புறப்பட்டு விடுகின்றன என்பதைச் சிறிது ஆராய்வோம்.

ஒரு காலத்தில் படங்கள் கொட்டகையில் குடியிருந்தன. தியாகராஜ பாகவதர் நடித்த 'ஹரிதாஸ்' 1944-ஆம் ஆண்டுத் தீபாவளிக்குச் சென்னை பிராட்வே கொட்டகைக்கு வந்தது. அங்கேயே மூன்று தீபாவளிகளைக் கண்டது. கல்கத்தாவில் 1943-இல் வெளிவந்த 'கிஸ்மத்' ராக்ஸி கொட்டகையில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. நாம் வாழும் இந்த மும்பையிலோ, 1960 ஆகஸ்டு 5-ஆம் நாள் மராத்தா மந்திரில் 'மொகலே ஆஜம்' அரங்கேறியது. 1975 ஆகஸ்டு 15-இல் வந்த 'ஷோலே' மினர்வா கொட்டகையில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நின்றது. இன்று அந்த மினர்வாவே இல்லை.

இவற்றை எல்லாம் விஞ்சியது ஒன்று உண்டு. 1995 அக்டோபர் 20-இல் வெளிவந்த 'தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே' அதே மராத்தா மந்திரில், கொரோனா அடைப்புக் காலம் நீங்கலாக, பகற்காட்சியாகத் தொடர்ந்து நடந்து 2025-இல் முப்பது ஆண்டுகளை நிறைவு செய்தது. அக்கொட்டகை மும்பை சென்ட்ரல் நிலையத்துக்கு எதிரிலேயே இருப்பதை நம் ரயில்வே அன்பர்கள் அறிவார்கள். வண்டிக்கு நேரம் இருக்கும் வெளியூர்ப் பயணிகள் பொழுது போக்க அதற்குள் நுழைவது வழக்கம். ஊர் மாறும், வண்டி மாறும், அந்தப் படம் மட்டும் மாறாது என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

அக்காலத்துப் படங்கள் இவ்வளவு நாள் தங்கியதற்குக் கலைச் சிறப்பு மட்டுமே காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. சரக்குக் கணக்கும் ஒரு காரணம். ஆயிரம் அடிச் சுருள் ஒன்று ஏறக்குறைய 11 நிமிடம் ஓடும். மூன்று மணி நேரப் படம் என்றால் பதினாறு பதினேழு சுருள்கள் வேண்டும். அவற்றைத் தகரப் பெட்டிகளில் அடைத்து ரயிலில் பார்சலாக அனுப்புவார்கள். படப்பெட்டி என்று அதற்குப் பெயர். பிரதி ஒவ்வொன்றும் பெரும் பணம் தின்னும் ஆதலால் பிரதிகள் சிலவே எடுக்கப்பட்டன. பெருநகரில் ஓடி முடித்த பெட்டி சிறு நகருக்கும், அங்கிருந்து சிற்றூருக்கும் போகும். பெட்டி வரும் வரையில் ஊர் காத்திருக்கும். ஒரு நகரத்தில் ஒரு கொட்டகையில் மட்டும் படம் நடந்தால், ஊரார் அனைவரும் அங்கேதான் வரவேண்டும். அனைவரும் வந்து முடிய நாளாகும் அல்லவா?

இந்நிலை மாறியது. 1997-இல் டில்லி சாகேத்தில் நம் நாட்டின் முதல் மல்டிபிளெக்ஸ் திறக்கப்பட்டது. ஒரே கூரையின் கீழ்ப் பல திரைகள் அமைந்தன. 2005-ஐ ஒட்டிச் சுருளுக்குப் பதில் டிஜிட்டல் முறை பரவலாயிற்று. படம் வட்டிலும் செயற்கைக்கோள் வழியாகவும் செல்லத் தொடங்கியது. பார்சல் அலுவலகத்தில் படப்பெட்டி காணாமற்போயிற்று. இன்று பெரும் படம் ஒன்று ஆயிரக்கணக்கான திரைகளில் ஒரே வெள்ளிக்கிழமையில் இறங்குகிறது. முன்பு ஓராண்டில் பார்த்த கூட்டம் இன்று முதல் மூன்று நாளிலேயே பார்த்து முடிக்கிறது. குடத்து நீரைச் சிறு துளை வழியாக விட்டால் நெடுநேரம் ஒழுகும். கவிழ்த்தால் ஒரு நொடியில் தீரும்.

பணக் கணக்கும் இதற்குத் துணை நிற்கிறது. 2009-இல் ஹிந்திப் படத் தயாரிப்பாளர்களுக்கும் மல்டிபிளெக்ஸ் உரிமையாளர்களுக்கும் பூசல் மூண்டு, இரண்டு மாதம் புதுப் படங்கள் வராமல் நின்றன. பின்னர் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. அதன்படி முதல் வார வசூலில் படத்தாருக்கு நூற்றுக்கு 50, இரண்டாம் வாரம் 42.5, மூன்றாம் வாரம் 37.5, நான்காம் வாரம் முதல் 30 என்று பங்கு வகுக்கப்பட்டது. முதல் வாரத்திலேயே கூட்டம் முழுவதையும் திரட்டிவிட வேண்டும் என்று படத்தார் துடிப்பதற்குக் காரணம் இதில் விளங்குகிறது. நாள் செல்லச் செல்லத் தம் பங்கு உயர்வதால் கொட்டகைக்காரர் படத்தை நிறுத்தி வைத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். பேரேடு எழுதுகிறவர் எவரும் விடை சொல்வார்: காலி அரங்கின் நூற்றுக்கு எழுபதைவிட, நிறைந்த அரங்கின் நூற்றுக்கு ஐம்பது பெரிது.

இனிப் பெருந்திரைகளுக்கு வருவோம். ஐமாக்ஸ் என்னும் முறை கனடா நாட்டில் பிறந்தது. 1970-இல் ஜப்பானின் ஓசாகா நகரப் பொருட்காட்சியில் முதன்முதல் காட்டப்பட்டது. வழக்கமான 70 மில்லிமீட்டர் படச்சுருளில் ஒரு காட்சிக் கட்டத்துக்கு 5 துளைகள் இருக்கும். ஐமாக்ஸில் அதே அகலச் சுருளைக் கிடையாக ஓட்டி, ஒரு கட்டத்துக்கு 15 துளை அளவு இடம் தருகிறார்கள். கட்டம் மும்மடங்கு பெரிதாவதால் மாளிகை உயரத் திரையிலும் உருவம் மங்குவதில்லை. இன்று பெரும்பாலான ஐமாக்ஸ் அரங்குகள் டிஜிட்டல் ஒளியிலேயே இயங்குகின்றன என்றாலும், பெருந்திரையின் பெருமை குன்றவில்லை. மும்பை வடாலாவில் 2001-இல் குவிமாடத் திரையோடு ஓர் அரங்கு திறந்தபோது ஊரே வியந்தது. ஆனால் இன்றைக்கும் இத்தகைய திரைகள் நாடு முழுவதற்கும் சில பத்துகளே உள்ளன.

ஒற்றைப் பாதையில் ஒரு பகுதியில் ஒரு வண்டிதான் ஓடலாம் என்பது நம் தொழிலின் முதல் பாடம். பின்னால் விரைவு வண்டி வருகிறது என்றால், முன்னால் நிற்பது எத்தனை நிறைந்த வண்டியாயினும் வழிவிட்டே ஆக வேண்டும். பெருந்திரையின் நிலையும் இதுவே. 2023 ஜூலை 12-இல் 'மிஷன் இம்பாசிபிள்' வரிசையின் ஏழாம் படம் அமெரிக்காவில் வெளிவந்தது. ஜூலை 21-இல் 'ஓப்பன்ஹைமர்' வந்தது. அது ஐமாக்ஸ் சுருளையும் கொண்டு எடுக்கப்பட்ட படம்; மூன்று வாரத்துக்கு ஐமாக்ஸ் திரைகள் அதற்கென முன்பே ஒதுக்கப்பட்டிருந்தன. ஆகவே முன்னது ஒன்பதே நாளில் பெருந்திரைகளை இழந்தது.

நம் நாட்டிலும் இது நடந்தது. 2014-இல் வெளிவந்த 'இன்டர்ஸ்டெல்லார்' பத்தாண்டு நிறைவை ஒட்டி 2024 டிசம்பரில் அமெரிக்கப் பெருந்திரைகளுக்கு மீண்டும் வந்தது. இங்கோ 'புஷ்பா 2' டிசம்பர் 5 முதல் ஐமாக்ஸ் திரைகளைப் பற்றியிருந்ததால் அதற்கு இடம் கிடைக்கவில்லை. 2025 பிப்ரவரி 7-இல்தான் அது வந்தது. அரங்குகள் நிறைந்தன. ஆயினும் பிப்ரவரி 14-இல் 'சாவா' முதலிய புதுப் படங்கள் வந்தமையால் ஒரே வாரத்தில் விடைபெற்றது. ரசிகர்கள் முறையிட்டனர், மார்ச் 14-இல் மறுபடியும் வந்தது. படம் வெளியேறுவது பார்ப்பார் இன்மையால் அன்று, அடுத்த வண்டிக்கு அடையாளம் விழுந்துவிட்டமையால் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

தமிழ்ப் படங்களுக்கு இன்னுமோர் இக்கட்டு உண்டு. கொட்டகைக்கு வந்து நான்கைந்து வாரத்தில் அவை வீட்டுத் திரைக்கு வந்துவிடுகின்றன. ஹிந்திப் படமாயின் எட்டு வாரம் கழிய வேண்டும் என்பது வடநாட்டுப் பெரும் மல்டிபிளெக்ஸ்களின் விதி. 2023 அக்டோபர் 19-இல் 'லியோ' வந்தபோது அவ்விதிக்கு உட்படாமையால் அதன் ஹிந்திப் பதிப்பு அவ்வரங்குகளில் இடம்பெறவில்லை. 2025 ஜூன் 5-இல் வந்த 'தக் லைஃப்' எட்டு வாரம் காத்திருக்கும் என்றார்கள். வசூல் குன்றியதும் நான்கே வாரத்தில், ஜூலை 3-இல், வீட்டுக்கு வந்துவிட்டது.

இதனால் நமக்கென்ன நட்டம் என்று கேட்பீர்கள். நம் காலனியில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம்.

இங்கே மூத்த பாட்டியம்மாள் ஒருவர் இருக்கிறார். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்தபோது, சிறுமியாய் இருந்து வாரந்தோறும் படித்தவர். இதழ்களிலிருந்து அவர் தந்தையார் கிழித்துத் தைத்த தொகுதிகளோடு மணமாகி இவ்வூருக்கு வந்தவர். 2022 செப்டம்பர் 30-இல் அப்படம் வந்தது. ஐமாக்ஸில் வெளிவந்த முதல் தமிழ்ப்படமும் அதுவே. பெருந்திரையில் வந்தியத்தேவனைப் பார்க்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். நாமும் அழைத்துச் செல்வதாக வாக்களித்தோம். ஆனால் ஒருவருக்கு இரவுப்பணி, ஒருவருக்குப் பிள்ளையின் பரீட்சை, நால்வர் குடும்பத்துக்கு டிக்கெட் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேல் என்ற மலைப்பு வேறு. தீபாவளிப் போனஸ் வரட்டும் என்று ஒத்திவைத்தோம். போனஸ் வந்தது. டிக்கெட் கேட்டபோது பெருந்திரையில் வேறு படம் ஏறியிருந்தது. தமிழ்க் காட்சியோ பிறிதொரு கோடியில், இரவு பத்தரை மணிக்கு ஒன்றே ஒன்று.

நவம்பரில் அப்படம் வீட்டுக்கு வந்தது. பேரன் தன் கைபேசியில் போட்டுக் காட்டினான். மறுநாள் நாம் சென்று, "எப்படி இருந்தது பாட்டி?" என்று வினவினோம். "நன்றாகத்தான் இருந்ததப்பா. ஆனால் சோழ ராஜ்யம் என் உள்ளங்கையில் அடங்கிப் போயிற்று" என்றார். குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னார். அதுதான் நம் நெஞ்சில் தைத்தது. பிழை கொட்டகைக்காரருடையது மட்டும் அன்று. வண்டி நிற்கும் நேரம் குறைந்துவிட்டது என்று அறிந்தும், பழைய அட்டவணையை நம்பி வீட்டில் உட்கார்ந்திருந்த நமக்கும் அதில் பங்குண்டு.

அடுத்த ஆண்டு ஏப்ரல் 28-இல் இரண்டாம் பாகம் வந்தபோது நாம் விழித்துக்கொண்டோம். பணி அட்டவணைகளை முன்கூட்டியே ஒப்பிட்டு, முதல் ஞாயிறன்றே இருபத்தாறு பேர் ஒன்றாகச் சென்றோம். ஆனால் அதற்குள் பாட்டியம்மாளின் முழங்கால் அவரை வீட்டோடு நிறுத்திவிட்டது. அன்று மாலை குழந்தைகள் அவரைச் சூழ்ந்து அமர்ந்து கதை சொன்னார்கள். பள்ளியில் ஹிந்தியும் மராத்தியும் ஆங்கிலமும் பேசும் பிள்ளைகள், பாட்டிக்காக அன்று தட்டுத் தடுமாறித் தமிழிலேயே சொன்னார்கள். அவர் இடையிடையே, "இல்லையடா கண்ணு, புத்தகத்தில் அப்படி இல்லை" என்று திருத்தினார். சொல் வராத இடத்தில் சொல் எடுத்துக் கொடுத்தார். அவ்விரண்டு மணி நேரத்தைப் போல் ஒரு தமிழ் வகுப்பை இச்சங்கம் இதுவரை நடத்தியதில்லை.

அன்பர்களே, விரைவு முழுவதும் தீமை என்று நாம் வாதிடவில்லை. நம் பெற்றோர் காலத்தில் வடநாட்டு ஊர்களுக்குத் தமிழ்ப்படம் வருவதே அரிது. ஞாயிறு காலைக் காட்சி ஒன்று கிடைத்தால் பெருவிழா. இன்று சென்னையில் வரும் நாளிலேயே இங்கும் வருகிறது. நோயாளிகளும் முதியோரும் வீட்டிலிருந்தே காண முடிகிறது. ஆனால் தாய்நாட்டை விட்டு வந்த நமக்குக் கொட்டகை என்பது வெறும் கேளிக்கை இடம் அன்று. முந்நூறு பேர் ஒரே வேளையில் தமிழில் சிரிக்கும் ஒலியை நம் பிள்ளைகள் கேட்கக்கூடிய இடம் இங்கே வேறு எத்தனை உண்டு?

ஆகவே ஒரு கோரிக்கையோடு முடிக்கிறோம். சங்கத்தில் மூவர் கொண்ட படக்குழு ஒன்றை அமைப்போம். நல்ல தமிழ்ப்படம் வருமுன்னரே தலைக்கணக்கு எடுத்து, கூட்டாக இடம் பதிவு செய்வோம். ஆள் சேர்ந்தால் அரங்க மேலாளரிடம் தனிக் காட்சியும் கேட்கலாம். மாதம் ஒரு சிறு தொகை சேமித்தால் டிக்கெட் விலை ஒரே நாளில் சுமையாக இறங்காது. நடக்க இயலாத பெரியோருக்கு வண்டி அமர்த்துவோம். 2004-இல் வந்த 'கில்லி' இருபது ஆண்டு கழித்து 2024 ஏப்ரலில் திரும்பி வந்து அரங்கு நிறைந்ததைக் கண்டோம். கேட்கும் கூட்டம் உண்டென்று தெரிந்தால் போன படமும் திரும்பும்.

படம் நமக்காக இனிக் காத்திருக்காது. நாம்தான் நேரத்தோடு நிலையத்துக்குச் செல்ல வேண்டும். செல்லும்போது பாட்டியின் கையையும் பேரனின் கையையும் பிடித்துக்கொண்டு செல்வோம்.

 வாழ்க நம் சங்கம்! வளர்க தமிழ்!