மாறியின் எல்லையும் வாழ்நாளும்



பாடவேளை முடிந்ததும் கரும்பலகையைத் துடைத்துவிடுகிறோம். மாணவன் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டதோ ஆண்டு முழுவதும் அவனிடம் இருக்கின்றது. எதனை எங்கே எழுதுவது என்னும் இச்சிறு வேறுபாடு கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோரை எத்துணை அலைக்கழிக்கும் என்பதை ஓய்வு பெற்ற பின்னரே அறிந்தேன். அறிவித்தவன், இன்று கல்லூரியில் பயிலும் என் பழைய மாணவன் ஒருவன்.

பதிவெண்ணை இட்டால் மாதிரித் தேர்வின் மதிப்பெண்களைக் காட்டும் வலைப்பக்கம் ஒன்றை அவன் தன் வகுப்பிற்காக அமைத்தான். தனியே அமர்ந்து பலமுறை சோதித்தான், குறையொன்றும் இல்லை. வகுப்பினர் அனைவரும் ஒரே நேரத்தில் திறந்தபோது, நன்கு எழுதியிருந்த ஒரு பெண்ணின் திரையில் தோல்வி மதிப்பெண் தோன்றியது. அவள் கண் கலங்கினாள். அதனினும் கொடியது, அம்மதிப்பெண்ணுக்கு உரியவளின் தோல்வி பிறர் அறிய வெளிப்பட்டதாகும்.

பிழை எங்கே? நிரலில் ஒரு மதிப்பைத் தாங்கி நிற்கும் பெயரை மாறி என்கிறோம். அதனை எங்கிருந்து காண இயலும் என்பதே அதன் வரையெல்லை. ஒரு செயற்கூற்றினுள் பிறந்த மாறி அதனுள் மட்டுமே தெரியும்; வேலை முடிந்ததும் மறையும். இஃது உள்ளமை மாறி, நம் கரும்பலகை. இனக்குழு என்னும் வார்ப்பிலிருந்து உண்டாகும் பொருளோ தனக்கெனச் சில தரவுகளை வைத்துக்கொள்ளும். பொருள் உள்ளவரை அவையும் இருக்கும். இது குறிப்பேடு.

இக்குறிப்பேடு பிறந்த கதை சுவையானது. 1960-இல் வகுக்கப்பட்ட ஆல்கால் 60 மொழியில் ஒரு தொகுதி நடந்து முடிந்தால் அதன் மாறிகளும் பொதுவாக உடன் மாயும். நார்வே நாட்டு ஆஸ்லோவில் பணியாற்றிய ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நைகார்டும், உலக நிகழ்ச்சிகளைக் கணிப்பொறியில் போலச் செய்து காண விழைந்தனர். அதற்கு மாயாத தொகுதி வேண்டியிருந்தது. வேலை ஓய்ந்த பின்னும் மாறிகள் நிலைத்திருக்குமாறு அவர்கள் செய்ததன் பயனாய், 1967-இல் சிமுலா 67 மொழியில் இனக்குழுவும் பொருளும் தோன்றின. ஆகவே உள்ளமை மாறியும் பொருளின் தரவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகளே; வாழ்நாள்தான் வேறு.

என் மாணவனிடம் திரும்புவோம். அவன் ஜாவா மொழியில் சர்வ்லெட் என்னும் வகையில் எழுதியிருந்தான். வலைத்தளத்தை நடத்தும் வழங்கியில் அதற்கு வழக்கமாக ஒரே பொருள்தான் உண்டாகும். நூறு பேர் கேட்டாலும் அவ்வொரு பொருளின் செயற்கூறே நூறு இழைகளில் நடக்கும். அவனோ பதிவெண்ணை அப்பொருளின் தரவாக வைத்துவிட்டான். நூறு பேருக்கும் ஒரே குறிப்பேடு! அப்பெண்ணின் எண் 17 எனக் கொள்வோம். நிரல் 17-ஐக் குறித்துக்கொண்டு, அது பட்டியலில் உண்டா எனப் பார்க்கச் சென்றது. அந்நொடிக்குள் மற்றவள் 23-ஐ அனுப்பினாள். 17 அழிந்து 23 ஏறியது. திரும்பி வந்த முதல் இழை 23-க்குரிய மதிப்பெண்ணை எடுத்து 17-க்குரியவளிடம் நீட்டியது. தனியே சோதித்தபோது இரண்டாமவர் இல்லை. ஆதலின் பிழையும் தலைகாட்டவில்லை.

பூட்டு ஒன்றிட்டு ஒருவர்பின் ஒருவராக விடலாமே என்று முதலில் எண்ணினானாம். நூறாவது மாணவர் வாயிலிலேயே நிற்க வேண்டியதுதான்! பின்னர்ப் பதிவெண்ணைச் செயற்கூற்றினுள் உள்ளமை மாறியாக்கினான். ஓர் இழையின் உள்ளமை மாறியை மற்றோர் இழை தொடாது. இடம் பெயர்ந்தது ஒரே வரி.

1995-இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் வெளியிட்ட பி.எச்.பி. மொழியில் தொல்லை வேறு வகை. அங்கே வழக்கமாக ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் பொருள்கள் புதிதாய்ப் பிறந்து, விடை அனுப்பியதும் அழியும். முதற்பக்கத்தில் இட்டதை இரண்டாம் பக்கத்தில் தேடுவோர் திகைப்பர். நிலைக்க வேண்டியதை அமர்விலோ தரவுத்தளத்திலோ வைத்தல் வேண்டும். இன்னொரு குறும்பும் உண்டு. பொருளின் தரவை எழுதுகையில் 'திஸ்' என்னும் சொல்லை முன்னே இட மறந்தால், அம்மொழி குறைகூறாது. அதே பெயரில் ஓர் உள்ளமை மாறியைப் படைத்துவிட்டுப் பேசாதிருக்கும்.

திருத்திய நிரலை என் மாணவன் தனியே சோதிக்கவில்லை. நிரலின் நடுவே வேண்டுமென்றே ஐந்து நொடி காத்திருக்கச் செய்து, அதற்குள் இரு கணிப்பொறிகளிலிருந்து 17-ஐயும் 23-ஐயும் அனுப்பினான். 17-க்கு 17-இன் மதிப்பெண்ணே வந்தது. பிறகுதான் அவ்விரு தோழியரையும் கண்டு மன்னிப்புக் கேட்கச் சென்றான்.