அன்புமொழியும் அலுவலும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



வாணிகத்தைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் நம்மைப் பணித்தனர். கொள்முதலையும் வட்டியையும் பற்றிப் பேச நம்மினும் வல்லார் இச்சபையில் பலர் உளர். ஆகலின், கடையிலும் அலுவலகத்திலும் நாம் நாள்தோறும் விலையின்றி வழங்கும் ஒரு சரக்கைப் பற்றிச் சில சொல்லத் துணிந்தோம். அச்சரக்கு அன்புமொழி.

கடை வாயிலில் வந்தவர் எவராயினும் அவரை ‘அண்ணே’ என்றும் ‘அம்மா’ என்றும் ‘தம்பி’ என்றும் அழைக்கிறோம். முன்பின் அறியாதாரையும் உறவாக்கிக்கொள்ளும் இவ்வழக்கம் நம்மவர்க்குப் பெருமை தருவதே. இதனை ஒழிக்கவேண்டுமென்பது நம் கருத்தன்று. இதன் அளவை அறியவேண்டுமென்பதே நம் வேண்டுகோள்.

அளவை இலக்கணமே கூறியிருக்கிறது. உவப்பு, உயர்வு, சிறப்பு, கோபம், இழிப்பு என்னும் காரணங்களால் திணையும் பாலும் மயங்கி வரினும் குற்றமாகாதென்று பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்தார். ஒருவன் தன் பசுவை ‘அம்மை’ என்பானாயின், அஃறிணையை உயர்திணையாகக் கூறியது வழுவேயாயினும், உவப்பென்னும் காரணம் பற்றி அமைத்துக்கொள்ளப்படும். காரணமில்லையேல் வழு வழுவாகவே நிற்கும். அன்றியும், உவப்பை எண்ணிய அதே சூத்திரத்தில் இழிப்பும் எண்ணப்பட்டிருத்தல் காண்க. ஆகவே, முறை கடந்த ஒரு சொல்லைக் கேட்டால், அஃது உவப்பில் பிறந்ததோ இழிப்பில் பிறந்ததோ என்று ஆராய்தல் வேண்டும்.

ஆராய்வது எங்ஙனம்? ஓர் எளிய உரைகல் உண்டு. நாம் ஒருவரை அழைக்கும் சொல்லால் அவரும் அச்சமின்றி நம்மை அழைக்கக் கூடுமா? கூடுமாயின் அச்சொல்லை அன்பென்று கொள்ளலாம். கூடாதாயின் அஃது அதிகாரம் அன்பின் ஆடையை உடுத்து வந்ததேயாம்.

இவ்வுரைகல்லில் நம் கடைகளை உரைத்துப் பார்ப்போம். மூட்டை சுமக்கும் அறுபது வயது முதியவரை நம் வீட்டு இளைஞன் ‘வாடா’ என்கிறான். ஏனென்று வினவினால், ‘என்னைத் தூக்கி வளர்த்தவர், உரிமையால் சொல்கிறேன்’ என்கிறான். அம்முதியவரோ அவனைச் ‘சின்ன முதலாளி’ என்று விளித்து ஒதுங்கி நிற்கிறார். உரிமை இருபாலும் ஒத்ததாயின், அவரும் அவனை ‘வாடா’ என்றன்றோ அழைத்தல் வேண்டும்? அவர் நம் குலத்தவர் அல்லர் என்பதே இதன் மெய்க்காரணம் என்பதை இச்சபையில் மறைப்பானேன்? நம் பாட்டன்மாரையும் அவ்வாறு அழைத்தவர் ஒருகாலத்தில் இருந்தனர். அச்சொல் சுட்டமையாலன்றோ நாம் மானங் காக்கச் சங்கம் கண்டோம்? நம்மைச் சுட்ட தீயைப் பிறர்மேல் எறிதல் தகுமோ?

நிற்க. துணிக்கடைகளிலும் அலுவலகங்களிலும் பணிபுரியும் பெண்களைச் சிலர் ‘செல்லம்’ என்றும் ‘டார்லிங்’ என்றும் விளையாட்டாக அழைக்கின்றனர். அப்பெண் சிரித்தாளென்றும் சாட்சி கூறுவர். மாதச் சம்பளம் எவர் கையிலிருந்து வருகிறதோ அவர் முன் சிரிக்கும் சிரிப்பு சம்மதமாகாது. இவ்விஷயத்தில் அரசாங்கச் சட்டமும் உறங்கவில்லை. 1997-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் விசாகா வழக்கில் நெறிமுறைகளை வகுத்தது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பெண் விரும்பாத பாலியல் தன்மையுள்ள சொல்லையும் துன்புறுத்தலில் சேர்த்து, பத்துப்பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் இடந்தோறும் முறையீட்டுக் குழு அமைக்கக் கட்டளையிட்டது. அறிமுகமில்லாப் பெண்ணை ‘டார்லிங்’ என்றழைத்தல் குற்றமென 2024-இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வழக்கில் அங்ஙனம் அழைக்கப்பட்டவர் ஒரு காவலர்! காவலர்க்கே அப்படியாயின், நம் கடைப்பெண்ணின் நிலை யாது?

‘அம்மா’ என்றழைப்பது மட்டும் போதுமோவெனின், அதுவும் போதாது. நாள் முழுதும் நின்றே விற்பனை செய்யும் பெண்ணை நாம் வாய்நிறைய ‘அம்மா’ என்றோம். ஆனால் அவள் அமர ஓர் இருக்கை இட்டோமில்லை. கடைப் பணியாளர்க்கு இருக்கை தரவேண்டுமென்று தமிழ்நாட்டில் 2021-ஆம் ஆண்டு சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. பெற்ற தாயைப் பன்னிரண்டு மணிநேரம் நிற்கவைப்பார் நம்மில் எவரேனும் உளரோ? ‘நம் வீட்டுப் பிள்ளை’ என்று கூறிக்கொண்டே சம்பள உயர்வைத் தள்ளிப்போடுவதும் இவ்வகையினதே. உறவுச்சொல் ஒரு கைச்சீட்டுப் போன்றது. எழுதிக் கொடுத்தவன் அதற்குரிய தொகையைச் செலுத்தவேண்டும்.

ஆதலின், சகோதரர்களே, நாம் வேண்டுவன மூன்று. நம்மிடம் பணிபுரியும் எவரையும், எக்குலத்தவராயினும், மரியாதைப் பன்மையிலேயே அழைப்போமாக. பெண் பணியாளரை அவரவர் பெயராலேயே அழைப்போமாக. ‘அம்மா’, ‘தம்பி’ என்று அழைத்தோமாயின், தாய்க்கும் தம்பிக்கும் செய்வதில் ஒரு பங்கையேனும் அவர்க்குச் செய்வோமாக. இவற்றை இன்று வீடு திரும்பியதும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். அவர்கள் நம் சொல்லைக் கேட்டுப் பேசக் கற்றவர்களேயல்லவா?