மாடி வீட்டுக்கும் தீபாவளி வருகிறது



நவராத்திரி முடிந்துவிட்டது. தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. தோட்டத்தில் இருக்கும் பெரியவர்கள் பலருக்கு இந்த நாட்களில் ஒரு கேள்வி எழுகிறது. பண்டிகையை இங்கேயே கொண்டாடுவதா, பட்டணத்தில் மாடி வீட்டில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போவதா? பேரப் பிள்ளைகளைப் பள்ளியில் விட வரும் பாட்டிமார், "அங்கே போய் என்னத்தைக் கொண்டாடுவது, ஐயா? கூண்டு மாதிரி வீடு. கதவைச் சாத்தினால் பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது" என்கிறார்கள். இன்றைய பேச்சு அவர்களுக்காகவும், அவர்களை அழைத்துப் போகும் பிள்ளைகளுக்காகவும்.

இது மூன்று நாள் விருந்தைப் பற்றிய கேள்வி மட்டும் அன்று. தோட்டத்து வீடு நிறுவனத்தின் வீடு. வேலை ஓய்ந்தால் வீட்டையும் விட வேண்டியதுதான். இன்று விருந்தாளியாகப் போகும் அம்மா, நாளை அதே வீட்டில் நிரந்தரமாக இருக்கப் போகிறவர். ரப்பர் போய்ச் செம்பனை வந்ததைப் பார்த்தோம். செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதிகள் எழுந்ததையும் பார்த்தோம். 1995ஆம் ஆண்டுக்குப் பிறகு புத்ராஜெயா நகரம் எழுந்த மண்ணில் முன்பு பிராங் பெசார் தோட்டம் இருந்தது. அந்த வட்டாரத் தோட்டங்களில் பால் வெட்டிய குடும்பங்கள் பல டெங்கிலில் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபோயின. அப்படிப் போனவர்களும் முதல் தீபாவளியை எப்படிக் கொண்டாடுவது என்று திகைத்தவர்கள்தாம்.

மாடி வீட்டைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். 1982இல் மலிவு விலை வீட்டுக்கு 25,000 வெள்ளி என்று அரசாங்கம் விலை வரையறுத்தது. அந்தக் காலத்து வீடுகளில் பெரும்பாலும் இரண்டு அறை. ஐந்து மாடிக் கட்டடம் என்றால் படியேறித்தான் போக வேண்டும். பின்னர் மக்கள் வீடமைப்புத் திட்டத்தில் வந்த வீடுகளில் மூன்று அறைகளும் ஏறக்குறைய 700 சதுர அடி இடமும் இருக்கின்றன. அறைகளைக் கணக்குப் பார்த்தால் லயத்து வீட்டைவிடக் குறைவென்று சொல்வதற்கில்லை. குறைவது வாசல்தான். முருங்கை மரம், கோழிக் கூடு, விறகடுப்பு, சாயங்காலம் உட்கார்ந்து கதை பேசும் படிக்கட்டு எல்லாம் போய்விடுகின்றன.

ஆனால் வாசல் அடியோடு போய்விடவில்லை. கதவுக்கு வெளியே ஒரு நீண்ட நடை இருக்கிறது. அந்த மாடியின் வீடுகள் எல்லாம் அதைப் பார்த்துத்தான் நிற்கின்றன. லயத்திலும் வீடுகள் வரிசையாகத்தான் நின்றன. இங்கே வரிசையின்மேல் வரிசை. ஆண்டு முழுவதும் இரும்புக் கதவுகள் சாத்தியே கிடக்கும் அந்த நடை, பண்டிகை நெருங்கும்போது தானாகவே விழித்துக்கொள்கிறது. ஒரு வீட்டில் திரைச்சீலை துவைத்துக் காயப் போடுவார்கள். இன்னொரு வீட்டுப் பிள்ளைகள் வண்ணக் காகிதம் கத்தரிப்பார்கள். மின்தூக்கிக் கதவு ஆறாவது மாடியில் திறந்தால் ஓமம் மணக்கும். ஒன்பதாவது மாடியில் திறந்தால் அதிரசப் பாகு மணக்கும். பத்தாவது மாடியில் கருகிய வாடை அடித்தால், யாரோ ஒரு புது மருமகள் முறுக்குப் பழகுகிறாள் என்று அர்த்தம்.

பாட்டிமாரின் கைக்கு மதிப்பு வருவது இந்த நேரத்தில்தான். மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள். பலகாரத்தைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நினைப்பார்கள். அதில் தவறில்லை. ஆனால் வீட்டில் ஒரு தட்டாவது சுட்டால்தான் வீடு பண்டிகை வீடாகும். நாம் சொல்வது அச்சு முறுக்கு. அரிசி மாவு, தேங்காய்ப் பால், முட்டை, சீனி. கைப்பக்குவம் முழுவதும் அச்சில்தான் இருக்கிறது. அச்சை முதலில் காய்ந்த எண்ணெயில் வைத்து நன்றாகச் சூடேற்ற வேண்டும். ஆறிய அச்சில் மாவு பிடிக்காது. சூடான அச்சை மாவில் முக்கால் உயரத்துக்குத்தான் தோய்க்க வேண்டும். மேல்விளிம்பையும் மாவு மூடிவிட்டால் முறுக்கு கழன்று விழாது. இதெல்லாம் பாட்டிமாருக்குத் தெரிந்ததுதான். பேத்திக்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த அச்சு முறுக்கு நம்முடையது மட்டும் அன்று. மலாய்க்காரர்கள் இதையே குவே ரோஸ் என்றும் குவே லோயாங் என்றும் சொல்லி நோன்புப் பெருநாளுக்குச் சுடுகிறார்கள். சீனர்கள் சீனப் புத்தாண்டுக்குச் செய்கிறார்கள். ஆகவே பக்கத்து வீட்டு மக்சிக்கிடம் பேச்சுத் தொடங்க வழி தெரியவில்லையே என்று தயங்க வேண்டியதில்லை. அச்சை எடுத்துக் காட்டினால் போதும். அவர் வீட்டு அச்சும் வெளியே வரும். தோட்டத்துக் கடையில் பேசிப் பழகிய மலாய் மொழி மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

பலகாரம் கொடுப்பதிலும் அண்டை வீட்டார் முறை அறிந்து கொடுக்க வேண்டும். மலாய் அண்டை வீட்டார் சிலர் நம் அடுப்பில் செய்ததை உண்ணத் தயங்கலாம். அது ஹலால் பற்றிய எண்ணமே தவிர நம்மை இழிவாக நினைப்பது அன்று. அவர்களுக்குப் பழமோ, ஹலால் முத்திரை போட்ட பலகாரப் பொட்டலமோ கொடுக்கலாம். சீனர்களில் சிலர் மாட்டிறைச்சி தொடுவதில்லை. சிலர் தங்கள் மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம் உண்பார்கள். அவர்களுடைய ஒன்பதாம் மாதத்தின் முதல் ஒன்பது நாளும் சைவம் காப்பவர்கள் உண்டு. அந்தக் காலம் பெரும்பாலும் நமது நவராத்திரியை ஒட்டியே வருகிறது! அச்சு முறுக்கில் முட்டை இருக்கிறது என்று அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்கள். சொன்னதற்காகவே மகிழ்ந்துபோவார்கள்.

அடுப்பு விஷயத்துக்கு வருவோம். இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். மாடி வீட்டுச் சமையலறை சிறியது. கொதிக்கும் எண்ணெய்ச் சட்டி இருக்கும்போது சிறு பிள்ளைகள் உள்ளே வரக் கூடாது. எண்ணெயில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. ஊற்றினால் தீ பொங்கிச் சிதறும். அடுப்பை அணைத்து, சட்டியைக் கனமான மூடியால் மூடி, ஆறும் வரை திறவாமல் விட்டுவிடுங்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். நெடி அடித்தால் விளக்கையும் மின்விசிறியையும் தொடாதீர்கள். போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. எரிவாயுக் கலனை மூடிவிட்டுக் கதவு சன்னல்களைத் திறந்து வெளியே வந்துவிடுங்கள். கட்டடத்தில் தீ என்று கேட்டால் மின்தூக்கியில் ஏறக் கூடாது, படிக்கட்டில்தான் இறங்க வேண்டும். அதனால்தான் நடையிலும் படிக்கட்டிலும் பழைய நாற்காலி, சைக்கிள் என்று அடைத்து வைக்கக் கூடாது என்கிறார்கள். அகல் விளக்கை நம் வாசற்படியோடு, காற்றும் பாவாடை ஓரமும் படாத இடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

பலகாரம் சுட்டு மிஞ்சிய எண்ணெயைத் தோட்டத்தில் கொல்லையில் கொட்டினோம். இங்கே தொட்டியில் ஊற்றினால் என்ன ஆகும்? மேல்மாடி முதல் கீழ்மாடி வரை ஒரே குழாய்தான் இறங்குகிறது. அழுக்கெண்ணெய் குழாயில் உறைந்து அடைத்துக்கொண்டால், பண்டிகையன்று கீழ் வீட்டுக்காரர் சமையலறையில் சாக்கடை பொங்கும். எண்ணெயை ஆறவிட்டு ஒரு டின்னில் ஊற்றி மூடி வையுங்கள்.

எண்ணெய்க் குளியல் இல்லாமல் தீபாவளி இல்லை. ஆனால் தோட்டத்தில் கொப்பரையில் வெந்நீர் காய்ச்சி வாசலில் உட்கார வைத்துத் தலை தேய்த்த மாதிரி இங்கே முடியாது. குளியலறை ஓடு வழுக்கும். தாத்தாவைக் கூடத்தில் பழைய நாளிதழை விரித்து நாற்காலியில் உட்கார வைத்து எண்ணெய் தேய்த்துவிடுங்கள். குளிக்கும் இடத்தில் ஒரு சாக்குத் துணி போடுங்கள். ஒருவர் குளித்து வந்ததும் சவர்க்காரத் தூள் போட்டுத் தரையைத் தேய்த்த பிறகே அடுத்தவர் போக வேண்டும். விடியற்காலையில் பாட்டுப் போட ஆசையாக இருக்கும். மேல் வீட்டில் இரவு வேலை முடித்துவிட்டு வந்து படுத்தவர் இருப்பார். ஏழு மணிக்குப் போட்டால் பாட்டு கெட்டுப்போகாது.

மகன்மாருக்கு ஒரு வார்த்தை. நீங்கள் காலையில் கதவைப் பூட்டிக்கொண்டு போகிறீர்கள், இருட்டிய பிறகு திரும்புகிறீர்கள். இடைப்பட்ட பன்னிரண்டு மணி நேரம் அம்மா யாரிடம் பேசுவார்? நாற்பது ஆண்டு லயத்தில் எல்லாரையும் பெயர் சொல்லி அழைத்து வாழ்ந்தவர். அவருக்குத் தொலைக்காட்சி வாங்கி வைத்ததோடு கடமை முடிந்துவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். தீபாவளிக்கு முந்தின வாரமே அவரை அழைத்து வாருங்கள். ஒரு மாலை, அந்த நடையில் உள்ள மூன்று வீட்டுக் கதவையாவது தட்டி, "இவர் என் அம்மா, இனி இங்கே வந்து போவார்" என்று சொல்லுங்கள். மற்ற நாளில் கதவைத் தட்ட ஒரு காரணம் வேண்டும். பண்டிகை வாரத்தில் கையில் இருக்கும் பலகாரத் தட்டே காரணம்.

அந்தத் தட்டின் அடியில் மறவாமல் உங்கள் வீட்டு எண்ணை எழுதி ஒட்டி வையுங்கள். தீபாவளிக்கு மறுநாள் முதல் தட்டுகள் திரும்பி வரத் தொடங்கும். ஒன்றில் ஆரஞ்சுப் பழம் இருக்கும், ஒன்றில் குவே இருக்கும், ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது இருக்கும். வெறுந்தட்டைத் திருப்பிக் கொடுப்பது அவர்கள் வழக்கத்திலும் இல்லை. கொண்டுவந்து தருகிறவர் பெரும்பாலும் அந்த வீட்டுச் சின்னப் பிள்ளையாக இருக்கும். பாட்டியையே கதவைத் திறக்க விடுங்கள்.