வென்றவரும் தோற்றவரும்

மேனிலைப் பள்ளியில் வரலாற்று ஆசிரியனாக இருந்த காலத்தில் ஒரு நாள், அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிய பாடத்தை முடிக்கும் தறுவாயில், கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, ஜார்ஜ் வாஷிங்டன் தம் அரசரை எதிர்த்துப் போர் செய்தார், அவரை நாட்டின் தந்தை என்கிறோம். இராபர்ட் லீயும் தம் நாட்டை எதிர்த்துப் போர் செய்தார். அவரைத் துரோகி என்கிறார்கள். ஒருவர் வென்றார், மற்றவர் தோற்றார் என்பதைத் தவிர இருவருக்கும் வேற்றுமை என்ன?" என்று கேட்டான். மணி அடிக்க இரண்டு நிமிடமே இருந்தது. "வென்றவன் வீரன், தோற்றவன் துரோகி, உலகம் அப்படித்தான் அப்பா" என்று சொல்லிப் புத்தகத்தை மூடினேன். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன்.

பல ஆண்டுகள் கழித்து, நான் ஓய்வு பெற்றபோது நடந்த பிரிவுபசாரக் கூட்டத்தில் அதே மாணவர் மேடை ஏறினார். அப்பொழுது அவர் பொறுப்பான பதவியில் இருந்தார். என்னிடம் கற்றவற்றுள் தம் நெஞ்சில் நிலைத்தது அந்த ஒரு வாக்கியமே என்றார். வெற்றிக்கு அப்பால் நியாயம் என ஒன்று இல்லை என்பதை அன்றே தெளிந்துகொண்டதாகவும் கூறினார். கைதட்டல் ஓய நெடுநேரம் ஆயிற்று. கழுத்தில் மாலையோடு நான் தலைகுனிந்திருந்தேன். அதை அடக்கம் என்று சபையோர் எண்ணியிருக்கக் கூடும். அந்த விடையைத் திருத்தும் கடன் எனக்கு உண்டு. மாணவ நண்பர்களே, இன்றைய பேச்சை அதற்கே பயன்படுத்திக்கொள்ளுகிறேன்.

முதலில் நிகழ்ந்தது என்ன என்பதைச் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். 1860-ஆம் ஆண்டு ஆபிரகாம் லிங்கன் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அடிமை முறை புதிய நிலப்பகுதிகளுக்குப் பரவுவதை எதிர்த்தவர் அவர். அவர் பதவி ஏற்பதற்கு முன்னரே, டிசம்பர் 20-ஆம் நாள், தென் கரோலினா மாநிலம் ஒன்றியத்தினின்றும் விலகியதாக அறிவித்தது. மேலும் பத்து மாநிலங்கள் பின்தொடர்ந்தன. அவை தமக்கெனத் தனிக் கூட்டரசு ஒன்றை அமைத்து ஜெபர்சன் டேவிஸைத் தலைவராக்கின. 1861 ஏப்ரல் 12-ஆம் நாள் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் உள்ள சம்டர் கோட்டையின் மீது அவர்களுடைய பீரங்கிகள் முழங்கின. நான்கு ஆண்டுகள் போர் நடந்தது. இரு தரப்பிலும் மடிந்தவர் 6 இலட்சத்துக்குக் குறையார்.

இது துரோகமா? சட்டத்தைக் கேட்டால் அது தயங்காமல் விடை கூறுவதுபோல் தோன்றும். அமெரிக்க அரசியலமைப்பே தன் வாசகத்தில் இலக்கணம் வகுத்துள்ள குற்றம் துரோகம் ஒன்றுதான். ஒன்றியத்தின் மீது போர் தொடுத்தல், அன்றேல் அதன் பகைவரைச் சார்ந்து அவருக்கு உதவுதல். இவை தவிர வேறெதுவும் துரோகமாகாது. வெளிப்படையான ஒரே செயலை இரு சாட்சிகள் கண்டிருத்தல் வேண்டும். அல்லது குற்றவாளி திறந்த நீதிமன்றத்தில் தானே ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். இத்துணைக் குறுகிய வேலியை ஏன் இட்டார்கள்? இங்கிலாந்தில் 1351-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசனின் மரணத்தை மனத்தில் எண்ணுவதும் துரோகமாகக் கருதப்பட்டது. அரசியலமைப்பை வரைந்தவர்களிற் பலர் முன்னர் அரசனை எதிர்த்துப் போரிட்டவர்கள். தோற்றிருந்தால் தாமே துரோகிகளாகத் தண்டிக்கப்பட்டிருப்போம் என்பதை அறிந்தவர்கள். ஆகவே அவர்கள் அந்தச் சொல்லைக் கண்டு அஞ்சினார்கள். அஞ்சியது நன்றே.

பீரங்கி கொண்டு கோட்டையைத் தாக்கியது போர் தொடுத்தலே என்பதில் ஐயமில்லை. ஆனால் தென்னாட்டார் வேறு வாதம் வைத்திருந்தனர். "துரோகம் செய்ய வேண்டுமானால் விசுவாசக் கடமை இருக்க வேண்டும். எங்கள் மாநிலம் பிரிந்த அன்றே எங்கள் கடமையும் தீர்ந்தது. நாங்கள் அந்நிய நாட்டார், அந்நியன் பகைவனாகலாம், துரோகி ஆகான்" என்பது அவ்வாதத்தின் சாரம். எளிதில் தள்ளிவிடக் கூடிய வாதமன்று இது. வடநாட்டு அரசும் நடைமுறையில் இதற்கு ஓரளவு இடங்கொடுக்க வேண்டியதாயிற்று. 1861-இல் தென்னாட்டுக் கப்பல் ஒன்றின் மாலுமிகளைக் கடற்கொள்ளையர் என நியூயார்க்கில் விசாரித்தபோது ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. பிலடெல்பியாவிலோ இன்னொரு கப்பலைச் சேர்ந்தவருக்குத் தண்டனைத் தீர்ப்பே கிடைத்தது. அவர்களைத் தூக்கிலிட்டால், தம்மிடம் சிறைப்பட்டுள்ள வடநாட்டு அதிகாரிகள் தூக்கிலிடப்படுவர் என்றார் டேவிஸ். சீட்டுக் குலுக்கி ஆட்களையும் தேர்ந்தெடுத்துவிட்டார். அதன்பின் அம்மாலுமிகளும் போர்க் கைதிகளாகவே நடத்தப்பட்டனர். 1863-இல் உச்ச நீதிமன்றமோ, கிளர்ந்தெழுந்தவரைப் போர்ச் சட்டப்படி பகைவராக நடத்தலாம், அதனால் அவர்கள் குடிமக்கள் என்பது மாறிவிடாது என்று கூறிற்று. பகைவரும் அவரே, குற்றவாளியும் அவரே.

நம் நாட்டில் 1945-இல் செங்கோட்டையில் இந்திய தேசிய இராணுவ அதிகாரிகள் மூவர் விசாரிக்கப்பட்டபோது, அவர்களுக்காக வாதாடிய புலாபாய் தேசாய், ஓர் அரசின் கீழ் ஒழுங்குபட்ட படையாகத் தம் நாட்டின் விடுதலைக்குப் போரிடுவோரைச் சாதாரணக் குற்றவாளிகளாகக் கொள்ளலாகாது என்று எடுத்துரைத்ததை இங்கு நினைவு கூரலாம். தீர்ப்பு அவர்களுக்கு எதிராகவே அமைந்தது. ஆயினும் ஆயுள் தண்டனையைத் தளபதி நீக்கிவிட்டார். அது தனிக் கதை. அமெரிக்காவுக்குத் திரும்புவோம்.

லீயின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவர் தந்தையார் வாஷிங்டனின் கீழ் குதிரைப்படைத் தலைவராகப் போரிட்டவர். மனைவியார் வாஷிங்டனின் துணைவியாருடைய கொள்ளுப்பேத்தி. 1829-இல் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியில் தேறி, 32 ஆண்டுகள் ஒன்றியத்தின் சேனையில் பணிபுரிந்தவர். 1859-இல் ஜான் பிரௌன் என்பவர் அடிமைகளை விடுவிக்கும் நோக்கத்துடன் ஹார்ப்பர்ஸ் பெரியில் உள்ள ஒன்றியத்தின் ஆயுதச் சாலையைக் கைப்பற்றினார். அவரைப் பிடிக்கச் சென்ற படைக்குத் தலைமை தாங்கியவர் இதே லீ. வர்ஜீனியா நீதிமன்றம் பிரௌனை எக்குற்றத்துக்காகத் தூக்கிலிட்டது என்று நினைக்கிறீர்கள்? கொலை முதலிய குற்றங்களோடு, வர்ஜீனியா மாநிலத்துக்குத் துரோகம் செய்த குற்றத்துக்காகவும். பிரௌன் வர்ஜீனியாவின் குடிமகனே அல்லர். ஈராண்டு கழியுமுன் அதே வர்ஜீனியா ஒன்றியத்தினின்றும் பிரிந்தது. ஒன்றியத்தின் படைக்குத் தலைமை ஏற்குமாறு அழைக்கப்பட்ட லீ, 1861 ஏப்ரல் 20-ஆம் நாள் பதவியைத் துறந்தார். சில நாட்களில் எதிர்ப்பக்கத்துப் படையை நடத்தலானார்.

தாய்மண்ணுக்கு எதிராக வாளெடுக்க மனம் வரவில்லை என்றார் லீ. அம்மனப் போராட்டம் பொய்யன்று. ஆனால் அவர் முன் வேறு வழி இருந்ததில்லை என்று மட்டும் யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். ஜார்ஜ் தாமஸும் வர்ஜீனியர்தாம். அதே கல்லூரியில் பயின்று அதே உறுதிமொழியை எடுத்தவர். அவர் ஒன்றியத்தை விட்டு அகலவில்லை. உடன்பிறந்த சகோதரிகள் அவர் முகத்திலேயே விழிப்பதில்லை என்று இருந்துவிட்டனர். அவர் படத்தைச் சுவரை நோக்கித் திருப்பி வைத்தனர் என்றும் சொல்லுவர். சேனாதிபதியாக இருந்த முதியவர் வின்பீல்டு ஸ்காட்டும் வர்ஜீனியாவில் பிறந்தவரே, அவரும் விலகவில்லை.

போர் முடிந்தது. துரோகத்துக்காக எத்தனை பேர் தூக்கிலிடப்பட்டனர்? தென்னாட்டுத் தலைவர்களில் ஒருவரும் இல்லை. லீயின் மீது 1865 ஜூனில் குற்றச்சாட்டு எழுந்தது. சரணடைந்தபோது தாம் அளித்த வாக்குறுதி அவரைக் காக்கும் என்று வென்ற தளபதி கிராண்டு உறுதியாக நின்றார், வழக்கு நடைபெறவில்லை. டேவிஸ் ஈராண்டு மன்றோ கோட்டையில் அடைபட்டிருந்தார். முதல் சில நாட்கள் காலில் விலங்கும் இட்டனர். 1867 மே மாதத்தில் ரிச்மண்டு நகர நீதிமன்றம் அவரை ஒரு இலட்சம் டாலர் ஜாமீனில் விடுத்தது. ஜாமீனில் கையெழுத்திட்டவர்களுள் ஒருவர் கெரிட் ஸ்மித். ஜான் பிரௌனுக்குப் பொருளுதவி செய்த அதே ஸ்மித். இதைப் படித்தபோது புத்தகத்தைச் சிறிது நேரம் மூடி வைத்துவிட்டேன்.

டேவிஸ் விசாரணையை விரும்பினார், அஞ்சியது அரசாங்கமே. குற்றம் நிகழ்ந்த மாநிலத்திலேயே விசாரிக்க வேண்டும் என்பது அரசியலமைப்பின் விதி. ஆகவே வழக்கு வர்ஜீனியாவில்தான் நடந்தாக வேண்டும். ஜூரிகள் அனைவரும் ஒருமனதாகக் கூற வேண்டும். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்த ஜூரி ஒன்று அங்கு அமைக்கப்பட்டிருந்தது உண்மைதான். ஆயினும் ஒருகால் விடுதலைத் தீர்ப்புக் கிடைத்துவிட்டால், பிரிந்தது சட்டப்படி சரியே என்று நீதிமன்றமே கூறியதாக ஆகிவிடும். போர்க்களத்தில் வென்றதை ரிச்மண்டு ஜூரிகளிடம் பணயம் வைக்க எவரும் துணியவில்லை. 1868 டிசம்பரில் இரு நீதிபதிகளும் மாறுபட்டனர். துரோகிகளைப் பதவிகளினின்றும் விலக்கிய 14-ஆம் திருத்தமே போதிய தண்டனையாயிற்று என்பது தலைமை நீதிபதி சேஸின் கருத்து. அம்மாத 25-ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஜான்சன் அனைவருக்கும் மன்னிப்பு அளித்தார். வழக்குக் கைவிடப்பட்டது.

நான்கு மாதங்கள் கழித்து, கடன் பத்திரங்களைப் பற்றிய வேறொரு வழக்கில், அதே சேஸ் உச்ச நீதிமன்றத்தின் சார்பில் விடை எழுதினார். மாநிலம் தானாக விலகுதல் என்பது சட்டத்தில் இல்லை. டெக்ஸாஸ் ஒருபோதும் வெளியேறவே இல்லை. புரட்சியாலோ ஏனைய மாநிலங்களின் இசைவாலோ அன்றிப் பிரிதல் இயலாது என்பது தீர்ப்பு. அது வெளியான நாள் 1869 ஏப்ரல் 12. சம்டர் கோட்டை தாக்கப்பட்ட அதே தேதி.

"புரட்சியாலோ" என்ற அச்சொல்லில்தான் என் மாணவனின் கேள்வி மீண்டும் தலைதூக்குகிறது. 1776-இல் நடந்ததும் சட்டத்துக்கு அடங்காத புரட்சிதானே? ஆம். இங்கிலாந்தின் சட்டப்படி வாஷிங்டன் துரோகியே. வெற்றி அவரைத் தண்டனையினின்றும் காத்தது. இதுவரையில் நான் அன்று சொன்னது சரி. ஆனால் தண்டனையினின்றும் தப்புதல் வேறு, நியாயம் பெறுதல் வேறு. சட்டத்தை மீறிப் புறப்படுகிறவன், எதன் பொருட்டு மீறினான் என்று உலகுக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவன். 1776-ஆம் ஆண்டினர் தம் குறைகளை எழுதி வைத்தனர். 1860-ஆம் ஆண்டினரும் எழுதி வைத்தனர். தென் கரோலினாவின் அறிக்கையைப் படித்துப் பாருங்கள். தப்பியோடிய அடிமைகளை வடமாநிலங்கள் பிடித்துத் தரவில்லை என்பது அதன் முதன்மையான முறையீடு. மாநில உரிமைக்காகப் போரிட்டோம் என்பது பின்னர்ப் பெரிதாகப் பேசப்பட்ட பேச்சு. கிராண்டு தம் நினைவுக் குறிப்புகளில் லீயின் வீரத்தை மதித்து எழுதினார்; அவர் போரிட்ட நோக்கத்தையோ மனிதர் போரிட்ட நோக்கங்களிலெல்லாம் மிகக் கீழானவற்றுள் ஒன்று என்றே எழுதினார்.

வாஷிங்டனும் அடிமைகளை வைத்திருந்தவர்தாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டும். அக்கறையை அவர் மீதிருந்து துடைக்க நான் வரவில்லை. ஆனால் அடிமைகளைக் காப்பதற்கென்றே ஒரு நாட்டை அவர் அமைக்கவில்லை. தென்னாட்டுக் கூட்டரசின் துணைத் தலைவர் ஸ்டீபன்ஸ், கறுப்பர் வெள்ளையருக்குச் சமமானவர் அல்லர் என்பதே தம் அரசின் மூலைக்கல் என்று 1861 மார்ச்சில் வெளிப்படையாகவே பேசினார்.

இன்னொன்று. "மாநிலத்தின் மக்கள் பிரிய விரும்பினர்" என்கிறார்களே, எந்த மக்கள்? 1860-ஆம் ஆண்டுக் கணக்குப்படி தென் கரோலினாவில் வாழ்ந்தவர் சுமார் 7 இலட்சம். அவர்களில் 4 இலட்சத்துக்கு மேற்பட்டோர் அடிமைகள். மாநிலத்தின் பெரும்பான்மையை ஒரு வார்த்தை கேளாமல், அப்பெரும்பான்மையை அடிமையாகவே வைத்திருப்பதற்காக, அம்மாநிலத்தின் பெயரால் பிரிந்தார்கள்.

அவர்களும் அந்நாட்டுக்குக் கடமைப்பட்டவரா? 1781-இல் வர்ஜீனியாவில் பில்லி என்ற அடிமை ஒருவனுக்குத் துரோகக் குற்றத்துக்காக மரண தண்டனை விதித்தார்கள். குடிமகன் அல்லாத அடிமைக்கு விசுவாசக் கடமை ஏது, கடமை இல்லாதவன் துரோகியாவது எப்படி என்று சிலர் வாதிட்டனர். சட்டமன்றம் அவனை மன்னித்தது.

சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் தென்னாட்டுப் படையின் பிளான்டர் என்னும் கப்பலை ஓட்டிவந்த இராபர்ட் ஸ்மால்ஸும் அடிமைதான். 1862 மே 13-ஆம் நாள் விடியற்காலையில், வெள்ளை அதிகாரிகள் கரையில் உறங்கிக்கொண்டிருந்த வேளையில், மனைவி மக்களையும் தோழர்களையும் ஏற்றிக்கொண்டு, தலைவனின் வைக்கோல் தொப்பியைத் தான் அணிந்து, சம்டர் கோட்டைக்குரிய அடையாள ஒலியையும் பிசகாமல் எழுப்பி, கப்பலை வடநாட்டுக் கடற்படையிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்நகரத்தாருக்கு அவர் துரோகிகூட அல்லர். உடைமை துரோகம் செய்யாது. களவு போகும், அவ்வளவுதான்.

1868 ஜனவரியில், எந்த நகரில் பிரிவினைத் தீர்மானம் நிறைவேறிற்றோ அதே சார்ல்ஸ்டனில், தென் கரோலினாவுக்குப் புதிய அரசியலமைப்பு வகுக்க மன்றம் கூடிற்று. உறுப்பினருள் பெரும்பாலோர் கறுப்பர். அவர்களில் ஒருவராக ஸ்மால்ஸும் அமர்ந்திருந்தார். எல்லாக் குழந்தைகளுக்கும் கட்டணமில்லாப் பள்ளிகள் வேண்டும் என்று அம்மன்றத்தில் கோரியவர்களுள் அவரும் ஒருவர்.