முதியோர் இல்லங்களில் மரியாதைச் சொல்
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



பிள்ளைகள் உத்தியோக நிமித்தம் தூரதேசங்களிலிருக்க, பெற்றோர் முதியோர் இல்லங்களில் வசித்தல் நம் குடும்பங்களிலும் வழக்கமாகி வருகின்றது. அதன் நன்மை தீமைகளை ஈண்டு ஆராயப் புகுந்தோமல்லோம். அவ்விடத்தில் அவர்கள் செவியில் விழும் சொற்களைக் குறித்தே சில கூற விரும்புகின்றோம்.

சில நாட்களுக்கு முன், உறவினராகிய ஓர் அம்மையாரைக் காண ஓரில்லத்திற்குச் சென்றிருந்தோம். அவர் 32 வருஷம் ஆசிரியையாயிருந்து, ஊராரால் "டீச்சரம்மா" என்றழைக்கப்பெற்றவர். அங்கோ அவர் பெயர் "பன்னிரண்டாம் கட்டில்." இடம் சுத்தமானது, உணவிலும் மருந்திலும் குறைவில்லை. பணிப்பெண்ணும் கடுமையானவரல்லர். எனினும், "சமர்த்தா வாயைத் திற, பார்க்கலாம்" என்று குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். அதுகண்டு வருந்திய நாமும், அம்மையார் எதிரிலேயே, "இவர்கள் சரியாகச் சாப்பிடுகிறார்களா?" என்று பணிப்பெண்ணை வினவினோம். "அதை என்னிடமே கேட்டிருக்கலாமே, தம்பி" என்றார் அம்மையார். நாம் நாணித் தலைகுனிந்தோம்.

இது வெறும் உபசார விஷயமன்று. அமெரிக்காவில் கிறிஸ்டைன் வில்லியம்ஸ் என்னும் பேராசிரியையும் அவருடன் ஆராய்ந்தோரும் 2009-ஆம் வருஷம் வெளியிட்ட ஆராய்ச்சியில், மறதிநோயுற்ற முதியோரிடம் குழந்தையிடம் பேசுவதுபோலப் பேசுங்கால், அவர்கள் பணிவிடைக்கு இணங்காது எதிர்த்தல் மிகுதியாவதைக் கண்டனர். நாம் பிடிவாதமென்று பழிப்பது, சில வேளைகளில் அவமதிப்பிற்கு அவர்கள் தரும் மறுமொழியேயாகலாம்.

ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை 1991-இல் முதியோர் பொருட்டு வகுத்த கொள்கைகளுள் கண்ணியமும் ஒன்று. நமது தேசத்தில் 2007-ஆம் வருஷத்துச் சட்டம், பெற்றோரைப் பராமரிக்கும் கடமையைப் பிள்ளைகள் மேல் வைத்திருக்கின்றது. ஜீவனாம்சத்தைச் சட்டம் வாங்கித் தரும். "நீங்கள்" என்னும் சொல்லை எச்சட்டம் வாங்கித் தரும்?

ஆதலின் நம்மவர் செய்யத்தக்கன சிலவுண்டு. இல்லத்திற் சேர்க்கும்போதே, தம்மை எங்ஙனம் அழைத்தல் வேண்டுமென்று முதியவரையே கேட்டு, ஓரட்டையில் எழுதிக் கட்டிலருகே வைப்போமாக. "பாட்டி" என்பது சிலருக்கு இனிக்கும், சிலருக்குக் கசக்கும். அவரைப்பற்றிய கேள்வியை அவரிடமே கேட்போமாக. உடை மாற்றுமுன் அவர் சம்மதம் பெறுமாறு பணியாளரை வேண்டுவோமாக. அப்பணியாளரையும் மரியாதையுடன் விளிப்போமாக, "ஏ ஆயா!" என்று கூவும் நாம், அவரிடம் நம் தாய்க்கு மரியாதை எதிர்பார்ப்பது எங்ஙனம் பொருந்தும்?

யாவற்றிற்கும் முதலாக, "கிழம்" என்னும் சொல் நம் வீடுகளிலிருந்தே ஒழியவேண்டும். அதனைக் கேட்டு வளரும் நம் சிறார், நாளை நம்மையும் அப்பெயரால் அழைப்பரன்றோ? இதனை ஒவ்வொருவரும் ஊன்றி யோசிப்பார்களென நம்பி, இவ்வளவில் அமர்கின்றோம்.